மாஸ்டர் டூயல்: ஸ்பெஷல் சம்மன் விதிகளைக் கற்க நல்ல களம், விதிநூலும் அருகில் இருக்கட்டும்

யூ-கி-ஓ! அட்டைகளை வீட்டுத் தரையில் பரப்பி விளையாடிக்கொண்டிருந்த காலத்தில், ‘சைபர் டிராகன்’ என்ற ஓர் அட்டையை முன்னிட்டு எனக்கும் என் தம்பிக்கும் ஒரு மாலை முழுவதும் வாக்குவாதம் நடந்தது. எதிராளியின் களத்தில் மட்டும் மான்ஸ்டர் இருக்குமானால், ஐந்தாம் லெவல் கொண்ட அந்த அட்டையை எதையும் பலியிடாமல் கையிலிருந்து நேராகக் களத்தில் இறக்கலாம். தம்பி அவ்வாறே இறக்கினான். மான்ஸ்டர் ஒன்றின் விளைவு செயல்படத் தொடங்கும்போது அதை ரத்து செய்து அந்த மான்ஸ்டரையும் அழிக்கும் ‘டிவைன் ராத்’ என்ற பொறி அட்டையை நான் திருப்பினேன். அது செல்லாது என்றான் தம்பி. அட்டையில் எழுதியிருப்பதுதானே விளைவு, அதை ஏன் ரத்து செய்ய முடியாது என்று நான் கேட்டதற்கு அவனிடமும் பதில் இல்லை. பல நாள் கழித்து ‘மாஸ்டர் டூயல்’ விளையாட்டில் அதே நிலை வந்தது. எதிராளியின் சைபர் டிராகன் களத்தில் வந்து நின்றது. டிவைன் ராத்தைப் பயன்படுத்துகிறாயா என்ற கேள்வியே திரையில் எழவில்லை. தம்பி சொன்னதுதான் சரி என்பது அந்தக் கணத்தில் தெரிந்துவிட்டது. ஏன் சரி என்பதோ விதிநூலைத் திறந்து படித்த பிறகுதான் விளங்கியது. இந்த விளையாட்டைப் பற்றி நான் சொல்ல நினைப்பது எல்லாம் அந்த இரண்டு அறிதல்களுக்கும் இடையில்தான் இருக்கிறது.

மாஸ்டர் டூயல் என்பது யூ-கி-ஓ! அட்டை விளையாட்டைத் திரையில் முழு விதிகளோடு விளையாடுவதற்காகக் கொனாமி நிறுவனம் 2022 ஜனவரியில் வெளியிட்ட மென்பொருள். கசுகி தகஹாஷி 1996-இல் தொடங்கிய மாங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதைத் தொடரிலிருந்து பிறந்த இந்த விளையாட்டு, 1999-இல் ஜப்பானில் கொனாமியின் அட்டைகளாக வெளிவந்து, 2002-இல் ஆங்கிலத்தில் அச்சாகி மேலை நாடுகளுக்குச் சென்றது. அதே நிறுவனத்தின் ‘டூயல் லிங்க்ஸ்’ விளையாட்டில் களம் மூன்று இடங்களாகச் சுருக்கப்பட்டு, உயிர்ப்புள்ளிகளும் 4000 ஆகக் குறைக்கப்பட்டிருக்கின்றன. மாஸ்டர் டூயலில் அத்தகைய சுருக்கம் எதுவும் இல்லை. நாற்பது முதல் அறுபது அட்டைகள் கொண்ட முதன்மை டெக் என்னும் அட்டைக்கட்டு, பதினைந்து வரை கொண்ட எக்ஸ்ட்ரா டெக் என்னும் தனிக்கட்டு, 8000 உயிர்ப்புள்ளிகள் என்று மேசையில் விளையாடும் அதே விளையாட்டை அப்படியே தருகிறது. கணினி, கைப்பேசி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் ஆகிய அனைத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. வெளியான நாளிலேயே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் இதில் இருந்தன.

ஸ்பெஷல் சம்மனைப் பற்றி இவ்வளவு அக்கறை ஏன் என்று இந்த விளையாட்டை அறியாதவர்கள் கேட்கலாம். மான்ஸ்டரைக் களத்தில் இறக்குவதே சம்மன். ஒருவர் ஆடும் ஒரு முறையில் (டர்ன்) ஒரே ஒரு நார்மல் சம்மன்தான் செய்யலாம். நான்காம் லெவல் வரை உள்ள மான்ஸ்டர்களை நேராக இறக்கலாம். ஐந்து, ஆறு என்றால் களத்திலிருந்து ஒன்றையும், ஏழும் அதற்கு மேலும் என்றால் இரண்டையும் பலியிட வேண்டும். இந்த வரம்புக்கு வெளியே மான்ஸ்டரைக் களத்துக்குக் கொண்டுவரும் வழிகளுக்கெல்லாம் பொதுப்பெயர் ஸ்பெஷல் சம்மன். இதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. இன்றைய ஆட்டத்தில் ஒருவர் தம் முறையில் பத்துப் பதினைந்து மான்ஸ்டர்களை அடுத்தடுத்துக் களத்தில் இறக்கி, அவற்றையே மூலப்பொருளாக்கி மேலும் பெரியவற்றை எழுப்புவது வழக்கமான காட்சி. எனவே இந்த விதிகள் புரியாதவருக்கு எதிராளியின் முறை வெறும் வாணவேடிக்கையாகத் தெரியும். புரிந்தவருக்கு ஒவ்வொரு படியிலும் எங்கே குறுக்கிடலாம் என்பது தெரியும்.

கற்பிக்கும் பணியை இந்த விளையாட்டின் தனியாள் பகுதி செய்கிறது. அங்கே ஒவ்வொரு சம்மன் வகைக்கும் சிறு பயிற்சிகளும், கடனாகக் கிடைக்கும் டெக்கை வைத்துக் கணினியோடு மோதும் ஆட்டங்களும் உள்ளன. நீல நிற ரிச்சுவல் மான்ஸ்டரும் ஊதா நிற ஃபியூஷன் மான்ஸ்டரும் எளிதில் பிடிபடுகின்றன. முன்னது முதன்மை டெக்கிலேயே இருக்கும். அதற்குரிய மந்திர அட்டையைப் பயன்படுத்தி, லெவல்களின் கூட்டுத்தொகை போதுமான அளவு வரும்படி கையிலிருந்தோ களத்திலிருந்தோ பலியிட வேண்டும். பின்னது எக்ஸ்ட்ரா டெக்கில் இருக்கும். ‘பாலிமரைசேஷன்’ போன்ற அட்டை, குறிப்பிட்ட மான்ஸ்டர்களை ஒன்றிணைத்து அதை வெளியே கொண்டுவரும். மூன்று ‘புளூ-ஐஸ் ஒயிட் டிராகன்’ சேர்ந்து 4500 தாக்குதல் வலிமை கொண்ட மூன்று தலை நாகமாவதைத் தொலைக்காட்சித் தொடரில் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

பயிற்சியின் தரம் உண்மையில் தெரிவது, 2008-இல் அறிமுகமான சிங்க்ரோவில்தான். இங்கே மந்திர அட்டை எதுவும் கிடையாது. டியூனர் என்ற குறிப்புள்ள ஒரு மான்ஸ்டரும் டியூனர் அல்லாத ஒன்றோ பலவோ களத்தில் முகம் தெரிய இருந்து, அவற்றின் லெவல்களின் கூட்டுத்தொகை வரவேண்டிய மான்ஸ்டரின் லெவலுக்கு மிகச் சரியாகப் பொருந்த வேண்டும். ஒன்று கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு ‘ஜங்க் சிங்க்ரான்’. மூன்றாம் லெவல் டியூனரான இதை நார்மல் சம்மன் செய்தால், அழிந்த, பலியான அட்டைகள் சேரும் கல்லறையில் கிடக்கும் இரண்டாம் லெவல் ‘ஸ்பீட் வாரியர்’ ஒன்றைத் தற்காப்பு நிலையில் திரும்ப அழைக்கும். மூன்றும் இரண்டும் ஐந்து, ஆகவே ஐந்தாம் லெவல் ‘ஜங்க் வாரியர்’ எக்ஸ்ட்ரா டெக்கிலிருந்து எழும். களத்தில் தகுந்த இணை அமைந்த உடனேயே எக்ஸ்ட்ரா டெக் ஒளிர்கிறது. அதைத் தொட்டால் எவற்றை அழைக்கலாம் என்பதும், ஒன்றைத் தேர்ந்தால் எந்த மான்ஸ்டர்களை மூலப்பொருளாக்கலாம் என்பதும் காட்டப்படுகின்றன. கூட்டல் கணக்கில் தடுமாறும் புதியவருக்கு இதைவிட நல்ல துணை அமையாது.

2011-இல் வந்த எக்ஸீஸ் வேறு தர்க்கம் கொண்டது. அதில் கூட்டல் இல்லை. ஒரே லெவல் கொண்ட மான்ஸ்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின்மேல் கருநிற அட்டையை வைக்க வேண்டும். இரண்டு நான்காம் லெவல் மான்ஸ்டர்களை அடுக்கி ‘உட்டோப்பியா’வை அழைப்பது இதன் பாலபாடம். அடியில் இருக்கும் அட்டைகள் களத்தில் இருப்பவையாகவே கருதப்படுவதில்லை என்பதும், எக்ஸீஸ் மான்ஸ்டருக்கு லெவலே இல்லை, ரேங்க் மட்டுமே உண்டு என்பதும் புதியவர்கள் அடிக்கடி இடறும் இடங்கள். ‘நான்காம் லெவலும் அதற்குக் கீழும்’ என்று ஓர் அட்டை சொன்னால் நான்காம் ரேங்க் மான்ஸ்டர் அதில் அடங்காது. அத்தகைய அட்டையைப் பயன்படுத்தும்போது திரையில் உட்டோப்பியா தேர்வுக்கு வராமல் ஒதுங்கி நிற்கும். அது ஏன் ஒதுங்கி நிற்கிறது என்ற விளக்கம் அருகில் இராது. இந்தக் குறையைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

பெண்டுலம் முறை 2014-இல் அறிமுகமானபோது பலருக்குத் தலைசுற்றியது என்பது உண்மை; எனினும் அதன் அடிப்படை அழகானது. களத்தின் இரு ஓரங்களில் இரண்டு பெண்டுலம் அட்டைகளை வைக்கிறோம். அவற்றில் அச்சிடப்பட்ட இரு அளவு எண்களுக்கு நடுவே அமையும் லெவல்கள் கொண்ட மான்ஸ்டர்களை, முறைக்கு ஒரு தடவை, கையிலிருந்து ஒரே நேரத்தில் எத்தனை வேண்டுமானாலும் இறக்கலாம். ‘ஸ்டார்கேசர்’ மந்திரவாதியின் அளவு ஒன்று, ‘டைம்கேசர்’ மந்திரவாதியின் அளவு எட்டு. ஆகவே இரண்டு முதல் ஏழு வரை செல்லும், எட்டு செல்லாது. எல்லை எண்கள் அடங்கா என்பதை ஏட்டில் படித்தும் நான் பல முறை மறந்திருக்கிறேன். ஏழாம் லெவல் ‘ஆட்-ஐஸ் பெண்டுலம் டிராகன்’ ஒளிர, பக்கத்திலேயே எட்டாம் லெவல் அட்டை இருண்டு கிடப்பதைத் திரையில் பார்த்த பிறகு மறக்கவில்லை.

2017-இல் லிங்க் மான்ஸ்டர்கள் வந்தன. இவற்றுக்கு லெவலும் கிடையாது, தற்காப்பு வலிமையும் கிடையாது, தற்காப்பு நிலையில் வைக்கவும் முடியாது. அட்டையின் ஓரங்களில் உள்ள அம்புகளின் எண்ணிக்கையே லிங்க் எண். மூன்று லிங்க் கொண்ட ‘டிகோட் டாக்கர்’ வேண்டுமானால் விளைவு கொண்ட மூன்று மான்ஸ்டர்களைக் கல்லறைக்கு அனுப்பலாம். அல்லது இரண்டு லிங்க் மான்ஸ்டர் ஒன்றை இரண்டாகக் கணக்கிட்டு அதனுடன் இன்னொன்றைச் சேர்த்து அனுப்பலாம். அதே ஆண்டில் விதியும் மாறியது. எக்ஸ்ட்ரா டெக்கிலிருந்து வரும் எந்த மான்ஸ்டரும் களத்தின் நடுவிலுள்ள சிறப்பு இடத்திலோ, ஒரு லிங்க் அம்பு சுட்டும் இடத்திலோதான் இறங்க வேண்டும் என்றானதால் பழைய சிங்க்ரோ, எக்ஸீஸ் டெக்குகள் பல முடங்கின. 2020 ஏப்ரல் முதல் தேதியில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது: ஃபியூஷன், சிங்க்ரோ, எக்ஸீஸ் மூன்றும் எந்த முதன்மை இடத்திலும் இறங்கலாம், லிங்க் மான்ஸ்டர்களுக்கும், எக்ஸ்ட்ரா டெக்கிலிருந்து பெண்டுலம் முறையில் திரும்புபவற்றுக்கும் மட்டும் பழைய கட்டுப்பாடு நீடிக்கிறது. இந்த மூன்றாண்டு இடைவெளியில் எழுதப்பட்ட விளக்கங்களைப் படித்துவிட்டு இன்றும் குழம்புபவர்கள் உண்டு. மாஸ்டர் டூயல் திருத்தத்துக்குப் பிறகு வெளிவந்தது என்பதால், ஒரு மான்ஸ்டரை அழைக்கும்போது அது இறங்கத் தக்க இடங்கள் மட்டுமே களத்தில் ஒளிர்கின்றன. இடவிதியைக் கற்க இதைவிடச் சிறந்த கருவியை நான் பார்த்ததில்லை.

இனி தொடக்கத்தில் சொன்ன சைபர் டிராகனுக்கு வருகிறேன், ஏனென்றால் ஸ்பெஷல் சம்மன் விதிகளின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. ஸ்பெஷல் சம்மன் இரண்டு வகைப்படும். ஓர் அட்டையின் விளைவு செயல்பட்டு, அதன் பலனாக மான்ஸ்டர் களத்துக்கு வருவது ஒரு வகை. கல்லறையிலிருந்து மீட்கும் ‘மான்ஸ்டர் ரீபார்ன்’ இதற்கு எடுத்துக்காட்டு. இங்கே முதலில் செயின் என்னும் தொடர் தொடங்கும். எதிராளி அதற்கு மறுமொழியாகத் தம் அட்டையை அதன்மேல் ஏற்றலாம். மற்றொரு வகையில், மான்ஸ்டர் தனக்குரிய நிபந்தனை நிறைவேறியதும் எந்தச் செயினும் தொடங்காமல் தானே இறங்குகிறது. சைபர் டிராகன் அப்படிப்பட்டது. சிங்க்ரோ, எக்ஸீஸ், பெண்டுலம், லிங்க் நான்கும் அப்படிப்பட்டவையே. அட்டையில் எழுதியிருந்தாலும் இது செயல்படுத்தப்படும் விளைவு அன்று, இறங்கும் முறை மட்டுமே. எனவேதான் என் டிவைன் ராத் செல்லவில்லை.

ஆனால் இதைத் தடுக்கவே முடியாது என்று எண்ணிவிடக் கூடாது. மான்ஸ்டர் இறங்கும் தறுவாயிலேயே அதை ரத்து செய்யும் அட்டைகள் உண்டு: உயிர்ப்புள்ளிகளில் பாதியைக் கேட்கும் ‘சாலம் ஜட்ஜ்மென்ட்’, 2000 கேட்கும் ‘சாலம் வார்னிங்’, 1500 கேட்கும் ‘சாலம் ஸ்ட்ரைக்’. இவற்றுள்ளும் நுட்பம் இருக்கிறது. பாலிமரைசேஷன் வழியாக வரும் ஃபியூஷன் மான்ஸ்டர் ஒரு மந்திர அட்டையின் விளைவால் வருவதால், மான்ஸ்டர்களின் விளைவையும் செயினின்றி நிகழும் ஸ்பெஷல் சம்மனையும் மட்டும் தடுக்கும் சாலம் ஸ்ட்ரைக் அங்கே பயன்படாது. சம்மன் செய்யும் மந்திரத்தையும் சேர்த்துத் தடுக்கும் சாலம் வார்னிங் பயன்படும். எல்லோருடைய டெக்கிலும் காணப்படும் ‘ஆஷ் பிளாசம்’ முதன்மை டெக்கிலிருந்து மான்ஸ்டரை இறக்கும் விளைவைத் தடுக்கும். எக்ஸ்ட்ரா டெக்கிலிருந்து நிகழும் சிங்க்ரோ சம்மனை ஒன்றும் செய்யாது. இந்த வேறுபாடுகளை மாஸ்டர் டூயல் கண்முன் நிறுத்துகிறது. செயின் தொடங்கினால் திரையில் அதன் எண்ணும் அசைவும் தோன்றும். தொடங்காவிட்டால் மான்ஸ்டர் மட்டும் இறங்கும். இறங்கும் தறுவாயில் ஒரு கேள்வி, இறங்கி முடிந்த பின் ‘பாட்டம்லெஸ் ட்ராப் ஹோல்’ போன்ற அட்டைகளுக்காக வேறொரு கேள்வி என்று தனித்தனியாகவே கேட்கிறது. இதற்காகத் திரையில் உள்ள உறுதிப்படுத்தும் பொத்தானைத் தானியங்கி நிலையில் விடாமல், கற்கும் காலத்திலாவது முழுமையாக இயக்கி வைக்குமாறு பரிந்துரைக்கிறேன். ஆட்டம் மெதுவாகும், ஆனால் ஒரு சம்மனுக்குள் எத்தனை படிகள் இருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

விளையாட்டு மிகச் சிறப்பாகச் செய்யும் வேலையும், விளக்கம் தராமல் விட்டுவிடும் இடமும் ஒரே விதியில் சந்திக்கின்றன. எக்ஸ்ட்ரா டெக் மான்ஸ்டரோ, ரிச்சுவல் மான்ஸ்டரோ, தனக்கென்று தனி அழைப்பு நிபந்தனை கொண்ட மான்ஸ்டரோ, முதலில் தனக்குரிய முறைப்படி களத்துக்கு வந்திருந்தால்தான் பின்னர் கல்லறையிலிருந்து வேறு வழியில் மீளலாம். ‘ஸ்டார்டஸ்ட் டிராகன்’ இரண்டு கல்லறையில் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று முறையாகச் சிங்க்ரோ சம்மன் செய்யப்பட்டு, போரில் அழிந்து அங்கே சென்றது. மற்றொன்று ஏதோ ஒரு விளைவால் எக்ஸ்ட்ரா டெக்கிலிருந்து நேராக அங்கே அனுப்பப்பட்டது. பெயரும் படமும் ஒன்றாக இருந்தாலும், மான்ஸ்டர் ரீபார்ன் முதலாவதைத்தான் மீட்க முடியும். முறையாகத் தொடங்கிய சம்மன் சாலம் ஜட்ஜ்மென்டால் ரத்தாகியிருந்தால் அதுவும் முறையாக வந்ததாகக் கொள்ளப்படாது. மேசையில் விளையாடும்போது எந்த அட்டை எந்த வழியாகக் கல்லறை சேர்ந்தது என்பதை இருவரும் நினைவில் வைக்க வேண்டும். இங்கே மென்பொருளே ஒவ்வொரு அட்டையின் வரலாற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு சரியானதை மட்டும் தேர்வுக்குத் தருகிறது. ‘இந்த முறையில் இனி இன்ன வகை மான்ஸ்டர்களைத் தவிர வேறெதையும் எக்ஸ்ட்ரா டெக்கிலிருந்து அழைக்க முடியாது’ என்று பல புதிய அட்டைகள் இடும் தடைகளையும் அது மறப்பதில்லை. நண்பர்களுக்குள் மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான் என்பதால், இந்த நடுநிலைமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

காரணத்தை மட்டும் அது சொல்வதில்லை. இரண்டாவது ஸ்டார்டஸ்ட் டிராகன் ஒளிராது, அவ்வளவுதான். புதியவர் அதைப் பிழை என்று கருதலாம், அல்லது காரணம் தெரியாமலேயே பழகிப்போகலாம். இருண்டு கிடக்கும் அட்டையைத் தொட்டால் ‘முறையாக அழைக்கப்படவில்லை’ என்று ஒரே ஒரு வரி காட்டியிருந்தால் போதும், ஆயிரக்கணக்கான கற்போருக்கு அது ஆசிரியராகியிருக்கும். அந்த ஒரு வரி இல்லாததை இந்த மென்பொருளின் பெருங்குறையாகக் கருதுகிறேன்.

அந்தக் குறையை நிரப்ப அட்டையின் வாசகத்தையே படிக்கப் பழக வேண்டும். 2011 முதல் ஆங்கில அட்டைகளின் வாசகம் கறாரான இலக்கணத்தோடு எழுதப்படுவதால் அது முடியும். வாக்கியத்தில் முக்காற்புள்ளியோ அரைப்புள்ளியோ இருந்தால் அது செயல்படுத்தப்படும் விளைவு, செயின் தொடங்கும். இரண்டும் இல்லாமல், கையிலிருந்து ஸ்பெஷல் சம்மன் செய்யலாம் என்று மட்டும் இருந்தால் செயின் இல்லை. சைபர் டிராகனின் வாசகத்தில் இவ்விரண்டு குறிகளும் இல்லை என்பதை அன்றே கவனித்திருந்தால் அந்த மாலை வேறு விதமாகக் கழிந்திருக்கும். அதுபோலவே, ‘மஸ்ட் பி’ என்று தொடங்கும் நிபந்தனை, அந்த ஒரு வழியைத் தவிர வேறு வழியே இல்லை என்று பொருள்படும். ‘மஸ்ட் ஃபர்ஸ்ட் பி’ என்று தொடங்கினால், முதல் தடவை அந்த வழியில் வந்துவிட்டால் பிறகு கல்லறையிலிருந்து மீளலாம் என்று பொருள். கல்லறையிலுள்ள ஓர் ஒளி மான்ஸ்டரையும் ஓர் இருள் மான்ஸ்டரையும் ஆட்டத்திலிருந்து விலக்கி இறங்கும் ‘பிளாக் லஸ்டர் சோல்ஜர் – என்வாய் ஆஃப் தி பிகினிங்’ இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கையிலிருந்து நேராகக் கல்லறைக்குத் தள்ளினால் அதை மீட்க முடியாது. ஒரு முறை உரிய விதத்தில் இறக்கி, பின் இழந்தால் மீட்கலாம். ஒரே ஒரு சொல் அவ்வளவு வேலை செய்கிறது. ‘விங்டு டிராகன் ஆஃப் ரா’வோ ஸ்பெஷல் சம்மனையே முற்றாக மறுத்து, மூன்று பலிகளுடன் கூடிய நார்மல் சம்மனை மட்டுமே ஏற்கிறது. எவ்வளவு பழகியவரானாலும் அட்டையின் முதல் வரியைப் படிக்காமல் ஆடக் கூடாது என்பதற்கு அதுவே சான்று.

மொழியைப் பொறுத்தவரை, இதில் தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் படித்தாக வேண்டும், நீண்ட வாசகங்கள் கைப்பேசித் திரையில் பொடி எழுத்தாகவே தெரிகின்றன. கண்ணுக்கு இதமாகப் படிக்க விரும்புவோர் கணினியிலோ தொலைக்காட்சியிலோ விளையாடுவது நல்லது. செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். பயிற்சிக்காகப் பணம் கட்ட வேண்டிய தேவை எதுவும் இல்லை. வேண்டாத அட்டை ஒன்றைக் கலைத்து நீக்கினால் பத்துப் புள்ளிகள் கிடைக்கும், அதே தரத்தில் ஓர் அட்டையை உருவாக்க முப்பது புள்ளிகள் வேண்டும். ஆகவே கலைப்பதற்கு முன் பொறுமையாக யோசிக்க வேண்டும், குறிப்பாக ஆஷ் பிளாசம் போன்று எந்த டெக்கிலும் பொருந்தும் அட்டைகளைக் கலைக்கவே கூடாது.

தொடக்கக்காரர்கள் தனியாள் பகுதியின் பயிற்சிகளை முடித்த உடனே தரவரிசை ஆட்டங்களுக்குச் செல்ல வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே வருவோர் முதல் முறையிலேயே நீண்ட சம்மன் தொடர்களை விரித்துவிடுவார்கள். ஐந்து மான்ஸ்டர்கள் இறங்கிய பின் களத்தில் முகம் தெரிய நிற்பவை அனைத்தையும் பலியாக்கித் தான் இறங்கும் ‘நிபிரு’ போன்ற அட்டையை எந்தத் தறுவாயில் எடுப்பது என்று புரிவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அறிந்த ஒருவரை அழைத்து, தனி அறை அமைத்து, ஆளுக்கு ஒரு சம்மன் வகையை மட்டும் கொண்ட டெக்கோடு ஆடுவது மேல். நானும் தம்பியும் இப்போது அப்படித்தான் ஆடுகிறோம். கொனாமி இலவசமாகத் தரும் அதிகாரபூர்வ விதிநூலின் பத்தாம் பதிப்பில், சம்மன் பற்றிய பக்கங்களை மட்டும் அச்செடுத்து மேசையில் வைத்திருக்கிறோம். ஏதேனும் ஓர் அட்டை ஒளிராமல் போனால் அங்கேயே ஆட்டத்தை நிறுத்திவிட்டு, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே அடுத்த அட்டையைத் தொடுகிறோம்.